கிணறு வெளியே, வீடு வேலிக்குள்ளே

எங்கள் அக்கா எம்மைப் பிரிந்து முப்பத்தொரு நாட்கள் ஆகின்றன. அவரைப் பற்றி அமைதியாக எழுதத்தான் உட்கார்ந்தேன். முடியவில்லை. கோபம்தான் முன்னுக்கு வருகிறது. உறவுகள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அக்கா பிறந்தது யாழ்ப்பாணத்தின் வடக்கே, விமானத்தளத்தை ஒட்டிய தோட்டக்காரர் ஊரில். ஆங்கிலேயர் காலத்து உலகப்போரில் எங்கள் பாட்டனாரின் புகையிலைத் தோட்டம் ஓடுபாதைக்குப் போனது. போர் முடியத் தருவதாகச் சொன்னார்களாம். தரவில்லை. மிஞ்சிய செம்மண்ணில் வெங்காயம் செய்துதான் பெற்றோர் எங்களை வளர்த்தனர். பிறகு எங்கள் நாட்டுப் போர் வந்தது. தளத்தின் வேலி ஊரையே விழுங்கியது. ஒரே காலையில் எல்லோரும் வெளியேறினோம்.

பாரிசுக்கு வந்த அக்கா, அத்தானை இளவயதிலேயே இழந்தார். புறநகரான கார்ஜில் இருந்துகொண்டு, அலுவலகங்களைத் துப்புரவாக்கும் வேலை செய்தே மகனையும் மகளையும் ஆளாக்கினார்.

சில ஆண்டுகளுக்கு முன் ஊரின் ஒரு பகுதியை இராணுவம் விட்டுவிட்டது என்று கேள்விப்பட்டு அக்காவும் நானும் போனோம். புதிய வேலி எங்கள் வளவுக்கு நடுவால் போயிருந்தது. கிணறு வெளியே. இடிந்த வீட்டின் அத்திவாரம் உள்ளே. காணி அலுவலரிடம் அக்கா கேட்டார்:

“கிணத்தைத் தந்திட்டு வீட்டை வைச்சிருக்கிறியள். நான் கிணத்துக்குள்ளையோ குடியிருக்கிறது?”

அவர் வரைபடத்தை விரித்தார். “அம்மா, இதிலை உங்கடை வீடே இல்லையே.”

அக்கா அன்றே விண்ணப்பம் கொடுத்தார். பாரிஸ் திரும்பியதும் ஒரு கொப்பி வாங்கினார். ஞாயிறுகளில் கார் து நோர் ரயில் நிலையத்தில் இறங்கி, தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் ஊரவர் யாரைக் கண்டாலும் நிறுத்தி, ஒழுங்கை ஒழுங்கையாக யார் வீடு எங்கே, எல்லை எது என்று கேட்டு எழுதினார். ஒரு கடைக்காரர் சிரித்தார்.

“ஏனக்கா, பிள்ளையள் அங்கை போய் வெங்காயமே நடப்போகினம்?”

“நடாட்டிப் போகட்டும். வீடில்லை எண்டு எழுதிவைச்சிருக்கிறாங்கள். அதை ஆர் மாத்திறது?”

இன்னொருவர், அக்கா எங்கள் எல்லையைக் கூட்டி எழுதுகிறார் என்று கதை கட்டினார். அன்று அக்கா அழுதார்.

மற்றவர்களைச் சொல்லி நான் தப்ப முடியாது. கொப்பியைத் தட்டச்சுச் செய்யும்படி என்னிடம்தான் தந்தார். வக்கான்ஸ் விடுமுறையில் செய்கிறேன் என்றேன். மூன்று வக்கான்ஸ் போயின. மருத்துவமனையில், மூச்சு வாங்க வாங்கக் கேட்டார்:

“தம்பி, எவ்வளவு முடிஞ்சுது?”

“அரைவாசி, அக்கா.”

பொய். நான் கொப்பியைத் திறந்தே பார்க்கவில்லை. அக்கா தலையாட்டினார். நம்பினாரோ, எனக்காகத் தலையாட்டினாரோ தெரியாது.

செத்தவீடு முடிந்த பிறகுதான் திறந்தேன். சில வீடுகளுக்கு எதிரே, இன்னாரைக் கேட்கவும் என்று குறித்திருந்தார். இருவரைத் தேடினேன். இருவரும் காலமாகிவிட்டார்கள்.

போன கிழமை அக்காவின் விண்ணப்பத்துக்குப் பதில் வந்தது. விண்ணப்பதாரர் நேரில் வந்து விளக்கமளிக்க வேண்டுமாம்.

அக்காவை இறுதிவரை பார்த்த தாதியருக்கும், ஓல்னேயிலிருந்து தினமும் சாப்பாடு கொண்டுவந்த சித்தி குடும்பத்தினருக்கும், கிரியைகளில் தோள் கொடுத்த அனைவருக்கும் எங்கள் நன்றி. கொப்பியைத் தட்டச்சுச் செய்து முடித்துவிட்டேன். தை மாதம் அதைக் கொண்டு ஊருக்குப் போகிறேன். அந்த ஊரை ஒருநாளும் காணாத அக்காவின் மகள், “மாமா, எனக்கும் டிக்கெட் போடுங்கோ” என்றிருக்கிறாள்.