லேமினேட் செய்த அட்டவணையும் என் வாயும்

2006 ஜனவரியில், அந்தமானில் நடந்தது இது. அப்போது நானும் என் நாத்தனாரும் தினமும் காலையில் பெங்களூர் அல்சூர் ஏரிப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தோம். நாற்பதைத் தாண்டிய இரண்டு பெண்கள் மூச்சிரைக்க ஓடுவதைப் பார்த்துச் சிரித்தவர்களெல்லாம் சிரித்து ஓய்ந்த பிறகு, எனக்கு ஓர் ஆசை வந்தது. அந்தமானுக்குப் போய், மூன்று நாளில் மூன்று தீவுகளில் ஓடிவிட்டு வர வேண்டும்.

நாத்தனார் தயங்கினாள். வங்கியில் கிளார்க்காக இருந்த அவளுக்கு ஊர் திரும்பிய மறுநாள், திங்கட்கிழமை, ஆபீசர் பதவிக்கான இன்டர்வியூ. ஏற்கெனவே இரண்டு முறை கைநழுவிப் போனது. அதுதான் கடைசி வாய்ப்பு. “ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நீ வீட்டுல இருப்ப, நான் பொறுப்பு” என்று அடித்துச் சொன்னேன். பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலையில், எந்த மெஷின் எத்தனை மணிக்கு ஓட வேண்டும் என்று சார்ட் போடுவதுதான் என் வேலை. எனக்கு நாலு படகு நேரம் ஒரு விஷயமா? நிமிடக் கணக்கில் அட்டவணை போட்டு, லேமினேட் செய்து எடுத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை காலை ஆறரை மணிப் படகு மதியத்துக்குத் தள்ளிப்போனது. மதியம் என்றால் எத்தனை மணி என்று கேட்டால் கடலைப் பார்த்தார்கள். முதல் தீவில் இறங்கும்போது மணி ஐந்து. அங்கே ஐந்தே காலுக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும் என்பது என் அட்டவணையில் இல்லை. அன்றைய ஓட்டம் போச்சு.

வெள்ளிக்கிழமை அடுத்த தீவுக்குப் போக ஆறு மணிக்கே படகுத்துறையில் நின்றோம். டிக்கெட் கவுண்டருக்கு வெளியே கரும்பலகையில் எட்டு என்று எழுதினார்கள். அதை அழித்துப் பத்து. பிறகு பன்னிரண்டு. ஒன்றரை மணிக்குக் கடல் சரியில்லை, படகே இல்லை என்றார்கள். நின்ற இடத்தில் நிழல் கிடையாது. எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது.

எங்கள் தொழிற்சாலையில் மேலே இருப்பவர்கள் எல்லாம் வடக்கத்திக்காரர்கள். அவர்களிடம் இந்தியில் பணிவாகத் தலையாட்டிவிட்டு, அதே சிரித்த முகத்தோடு பக்கத்தில் இருப்பவளிடம் தமிழில் திட்டித் தீர்ப்பது எங்களுக்குக் கைவந்த கலை. இங்கேயும் அதையே செய்தேன். ஞாயிறு காலை எங்களுக்கு போர்ட் பிளேரிலிருந்து விமானம். கவுண்டரில் இருந்த ஆளிடம் இந்தியில், “நாளைக்கு போர்ட் பிளேருக்காவது படகு உண்டா?” என்று கேட்டேன். இரண்டு மணிக்கு உண்டு என்று அவரும் இந்தியில் சொன்னார். நான் நாத்தனார் பக்கம் திரும்பினேன்.

“ரெண்டு மணியாம். இந்த எருமை சொல்றத நம்பணுமாம். திங்கக்கிழமை உனக்கு இன்டர்வியூ, இதுக்கு என்ன தெரியும்? எழுதி எழுதி அழிக்கிறதுக்கு ஒரு சம்பளம்! எருமை!”

“ஸ்வல்ப பொறுங்க அண்ணி, கொஞ்சம்” என்று பெங்களூர்க் கன்னடம் கலந்து சொல்லி அவள் என் கையைப் பிடித்து இழுத்தாள். அன்று ஓடத் தெம்பும் இல்லை, மனசும் இல்லை.

சனிக்கிழமை காலை ஆறு மணி. இந்தத் தீவிலாவது ஓடிவிடுவோம் என்று லாட்ஜ் வாசலில் ஷூ கட்டிக்கொண்டிருந்தோம். ஒரு மொபெட் வந்து நின்றது. வந்தவர் அந்தக் கவுண்டர்காரர்.

“அக்கா, காத்து ஏறுது. ரெண்டு மணிப் படகை ஏழு மணிக்கே எடுக்கறாங்க. இதை விட்டா திங்கக்கிழமைதான். உங்களுக்கு இன்டர்வியூ இருக்குன்னு பேசிக்கிட்டிருந்தீங்களே, அதான் இங்க இருக்கிற ரெண்டு லாட்ஜுலயும் தேடி வந்தேன்.”

நல்ல தமிழ். இன்டர்வியூ பற்றி நான் தமிழில் மட்டும்தானே சொன்னேன்! அது காதில் விழுந்தால் மற்றதும் விழுந்திருக்கும். பூமி பிளந்து என்னை விழுங்காதா என்று இருந்தது. “நேத்து நான்...” என்று இழுத்தேன்.

“அந்த வெயில்ல நின்னா யாருக்கும் அப்படித்தான் வரும். பையக் குடுங்க, நான் கொண்டு போறேன். நாலு கிலோமீட்டர்தான். ஓடத்தானே ஷூ கட்டறீங்க, ஓடுங்க!”

கிடைத்ததைப் பைகளில் திணித்து அவரிடம் கொடுத்துவிட்டு ஓடினோம். அந்தப் பயணம் முழுக்க நாங்கள் ஓடியது அந்த நாலு கிலோமீட்டர்தான். படகின் கயிற்றை அவிழ்க்கும் நேரத்தில் போய்ச் சேர்ந்தோம். பைகள் ஏற்கெனவே மேலே ஏறியிருந்தன. நன்றி சொல்லத் திரும்பினால், அவர் கரும்பலகையில் இரண்டை அழித்துக்கொண்டிருந்தார்.

படகில் நாத்தனார் கேட்டாள். “எருமைன்னு எத்தனை தடவ சொன்னீங்க அண்ணி?” நான் அட்டவணையை எடுத்து முகத்துக்கு விசிறிக்கொண்டேன்.

திங்கட்கிழமை அவள் இன்டர்வியூவுக்குப் போனாள், ஆபீசரும் ஆனாள். நான் பேசிய ஒரே பேச்சில் என் வசவும் இருந்தது, அவளுடைய கவலையும் இருந்தது. அந்த மனிதர் வசவை அங்கேயே விட்டுவிட்டு, கவலையை மட்டும் எடுத்துக்கொண்டு விடியற்காலையில் வந்தார். இன்று என்னை யாராவது கண்டபடி திட்டினால், அதற்குள் என்ன கவலை இருக்கிறதென்று தேடிப் பார்க்கிறேன். பாதி நாள் முடிவதில்லை, ஆனாலும் தேடுகிறேன்.