ஒயினோடு வந்த பள்ளித்தோழி

2006-ஆம் வருடக் கடைசியில் நடந்தது இது. அப்போது நாங்கள் புனேயில், கராடியில் குடியிருந்தோம். என் கணவருக்கு அங்கே சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை.

ஒரு நாள் மாலில் சாமான் வாங்கிக்கொண்டிருந்தபோது, வருகிறவர்களுக்கு ஒயின் ருசி காட்டிக்கொண்டிருந்த ஒரு பெண் என்னையே உற்றுப் பார்த்தாள். "அரே, நீ தேஹு ரோடு ஸ்கூல்தானே?" என்று தமிழில் கேட்டாள். எனக்கும் அடையாளம் தெரிந்துவிட்டது. பத்தாவது வரை என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள்! எங்கள் இருவரின் அப்பாக்களுக்கும் புனேயை அடுத்த அந்தத் தேஹு ரோட்டில் ராணுவ டிப்போவில் வேலை. என் அப்பாவுக்கு மாற்றல் வந்ததோடு எங்கள் தொடர்பு விட்டுப்போயிருந்தது.

நாசிக் பக்கம் ஒரு திராட்சைத் தோட்டத்தில் ஒயின் தயாரிப்பதே தன் வேலை என்றாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஏனென்றால் அவள் அப்பா பெரும் குடிகாரர். நாங்கள் எல்லோரும் விளையாடும் நேரத்தில் அவள் ஸ்டேஷனில் நிற்பாள். குடித்துவிட்டு ரயிலில் வந்திறங்கும் அவர் தண்டவாளத்தில் விழுந்துவிடாமல் கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிப்போக வேண்டும்.

அடுத்த சனிக்கிழமை சாப்பிட வரச் சொன்னேன். என் கணவரும் அன்றைக்கே தன் மேனேஜரைக் குடும்பத்தோடு அழைத்திருந்தார். என் கணவரை அமெரிக்கா அனுப்பும் வாய்ப்பு ஒன்று அந்த மேனேஜர் கையில் இருந்தது.

என்ன சமையல் என்று போனில் கேட்டுக்கொண்டு, அதற்கேற்ற ஒயின்களோடு வந்தாள் தோழி. மிளகுக் கோழிக்குக் குளிர்ந்த வெள்ளை ஒயின். கொஞ்சமாக ஊற்றி, முதலில் மோந்து பார்க்கச் சொன்னாள். கொய்யாப்பழ வாசனை! தயங்கித் தயங்கி ஒரு வாய் குடித்தேன். மிளகின் காரம் நாக்கில் இதமாகிப் போனது. தனக்கு வண்டி ஓட்ட வேண்டும் என்று அவள் ஒரு வாயோடு நிறுத்திக்கொண்டாள்.

அடுப்படியில் நாங்கள் இருவரும் தனியாக இருந்தபோது, அப்பாவை அப்படிப் பார்த்த பிறகும் இதைத் தொட எப்படி மனசு வந்தது என்று கேட்டே விட்டேன்.

"எங்கப்பா என்ன குடிக்கிறோம்னு ஒரு நாளும் பாத்ததில்லடி. எனக்கு அதைப் பாக்கணும்னு இருந்துச்சு" என்றாள்.

கூடத்தில் மேனேஜர் பச்சைத்தண்ணீர் குடிப்பதுபோல் குடித்துக்கொண்டிருந்தார். சிவப்பு ஒயினும் முக்கால்வாசி காலி. சட்டையில் சிந்தியதுகூட அவருக்குத் தெரியவில்லை. அவர் மனைவி, தூங்கும் குழந்தையை மடியில் போட்டபடி தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். மீதி இருந்த பாட்டிலையும் திறக்கச் சொன்னார் மேனேஜர். என் கணவர் அதை எடுக்க எழுந்தார். கீழே நிற்கும் காரை மேனேஜர்தானே ஓட்டிப்போக வேண்டும்? ஆனால் அமெரிக்க வாய்ப்பை நினைத்து, காலித் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

தோழி பாட்டிலை வாங்கி அலமாரிக்குள் வைத்தாள். மேனேஜர் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"சார், இன்னிக்கு இது போதும். கார் சாவியைக் குடுங்க, நான் கொண்டுபோய் விடறேன்."

தான் யார் தெரியுமா என்று அவர் குரலை உயர்த்தினார். என் கணவர் முகம் வெளுத்துவிட்டது. அவள் குரல் மட்டும் ஏறவே இல்லை.

"உங்களுக்காக இல்ல சார். குழந்தை தூங்குது, அதுக்காகக் கேக்கறேன்."

அவர் குழந்தையைத் திரும்பிப் பார்த்தார். பிறகு சாவியை மேஜைமேல் வைத்தார். அவளே தயிர்சாதம் பிசைந்து அவருக்கு ஒரு தட்டு கொடுத்தாள். மறுபேச்சில்லாமல் சாப்பிட்டார். லிஃப்டுக்குப் போகும்போது அவர் மனைவி என் தோழியின் கையைப் பிடித்துக்கொண்டார். காரில் ஏறும்வரை விடவே இல்லையாம்.

அந்தத் தடவை அமெரிக்க வாய்ப்பு வேறொருவருக்குப் போனது. காரணம் இதுதானா என்று எங்களுக்குத் தெரியாது. என் கணவர் ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. அதன்பிறகு எங்கள் வீட்டில் எந்த விசேஷம் என்றாலும் அவளுக்கு முதலில் போன் செய்கிறவர் அவர்தான்.

விருந்தாளி கேட்டதையெல்லாம் கொடுப்பதுதான் உபசாரம் என்று அன்றுவரை நினைத்திருந்தேன். போதும் என்று சொல்லி, பத்திரமாக வீடு கொண்டு சேர்ப்பதும் உபசாரம்தான் என்பதை, அந்த வேலையைச் சின்ன வயதிலேயே செய்து பழகிய என் தோழிதான் எனக்குக் காட்டினாள்.