மூலையில் நின்ற சாயவீரன்

நல்லூரில் ஒரு பனியன் பிரிண்டிங் யூனிட். ஆறு நிறத்துக்கு ஆறு ஸ்கிரீன், சாயம் வழித்து அச்சடிக்கும் சட்டங்கள். ஒன்றும் பிசகாமல் பொருத்த அருண்குமாரை விட்டால் அங்கே ஆளில்லை.

வயது முப்பத்தொன்று. ஒரு சூப்பர்ஹீரோ படக்கதை வரைந்துகொண்டிருந்தார். சாயக்கழிவை ஆற்றில் திறந்துவிடும் குழாய்களைக் கையாலேயே முறுக்கி அடைக்கும் சாயவீரன். அவன் காதலிப்பது நல்லான் என்ற டெய்லரை. இரும்பை முறுக்கும்போது கைதட்டுகிற ஊர், அதே கை இன்னொரு ஆணின் கையைப் பிடித்தால் மட்டும் ஏன் பதறுகிறது?

கறுப்பு ஸ்கிரீனின் காலி மூலையில் முதல் பக்கத்தை ஏற்றி, அடியில் தன் செல் நம்பரையும் போட்டிருந்தார். மதிய இடைவேளையில் வேஸ்ட் துணியில் அடித்துப் பார்த்துவிட்டு, மூலையை டேப் ஒட்டி மறைப்பது வழக்கம். அன்று டேப்பை மறந்துவிட்டார். தையலுக்குப் போகவேண்டிய நாற்பது துணிகளில், ஆர்டரின் ஆறு நிற வானவில்லுக்குக் கீழே, ஊர்க்கூட்டம் சூழ்ந்திருக்க, சாயவீரனும் நல்லானும் கைகோத்து நின்றார்கள்!

முதலாளி ஆத்தப்பன் ஒன்றைத் தூக்கிப் பிடித்தார். "இதென்னப்பா கருமம்? யாரு வேலை?"

அடியில் இருந்த நம்பரை அவர் கவனிக்கவில்லை. யாரோ என்று அருண்குமார் சொல்லியிருந்தால் வேலைக்கு ஆபத்தில்லை.

"நானுங்க. அது சாயவீரன், பக்கத்துல அவன் லவ்வருங்க."

"ஆம்பளைக்கு ஆம்பளையா?"

"ஆமாங்க. என்னைய மாதிரி."

செக்கிங் மேஜையிலிருந்து, துணியில் பிசகு பார்க்கும் மயிலாத்தாள் குரல் கொடுத்தார். "ஏனுங்க, இந்த வானவில் ஆர்டர் வெளிநாட்டுல இவிகளாட்ட ஆளுக ஊர்வலத்துக்குத்தானுங்களே? அதுக்கு மட்டும் ஓவர்டைம் போட்டு அடிக்கறமுங்க!"

யாரோ சிரித்தார்கள். ஆத்தப்பன் காது சிவந்து அருண்குமாரிடம் திரும்பினார். "சிப்மென்ட் போகட்டும், உன்னையப் பாத்துக்கறேன். மயிலாத்தா, நாப்பதையும் வெட்டி வேஸ்ட்ல போடு!"

மயிலாத்தாள் வெட்டினார், படத்திலும் நம்பரிலும் கத்தரி படாமல். அந்தத் துணிகள் மெஷின் எண்ணெய் துடைக்கப் பட்டறை பட்டறையாகப் போயின.

நான்காம் நாள் அருண்குமாருக்கு மங்கலத்திலிருந்து போன். விசைத்தறி ஓட்டும் வெள்ளியங்கிரி.

"துடைக்க மனசு வல்லீங்க. அந்த ரெண்டு பேரும் தப்பிச்சாங்களா?" குரல் தாழ்ந்தது. "எனக்கும் ஒருத்தரு இருக்காருங்க."

அடுத்து வீரபாண்டியிலிருந்து ஒருவர். அதற்கடுத்து ஒரு லேத் பட்டறை. சனிக்கிழமைக்குள் பதினேழு பேர்!

சிப்மென்ட் போனது. ஆத்தப்பன் வந்தார். "ஞாயித்துக்கெழமை அடிச்சுக்க. ஆர்டர் துணியில வேண்டாம்." மனம் மாறினாரா, ஆறு ஸ்கிரீனுக்கு வேறு ஆள் கிடைக்கவில்லையா, தெரியாது. வேலை இருக்கிறது.

ஞாயிறு. இரண்டாம் பக்கத்துக்கு முழு ஸ்கிரீன். மயிலாத்தாள் துணியை நீவி விரித்தார்.

"சீக்கிரம் அடி கண்ணு, அப்பறம் என்னாச்சுன்னு பாக்கோணும்!"

மூலையை மறைக்கும் டேப் ஆணியிலேயே தொங்கியது.