ஒரே கம்ப்யூட்டரில் இரண்டு அடுப்பு

கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்: பழுதான பெட்டி பேசாது, அதைத் தூக்கி வருகிறவர்தான் பேசுவார். அதிகம் பேசத் தெரியாத எனக்கு அதனால் கம்பம் ஊரில் இந்த வேலை பிடித்துப் போனது.

உலை வைத்த கதை

அனுமந்தன்பட்டியில் கல்யாணப் பத்திரிகை டைப் செய்து தரும் கடை வைத்திருக்கிறார் செல்வி அக்கா. ஆவணி முகூர்த்தங்கள் நெருங்கிய நேரத்தில், கம்ப்யூட்டரைத் துண்டில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். பழைய பெட்டி. அதற்கு விண்டோஸ் பெரும் சுமை. உங்கள் வீட்டுப் பெட்டியும் இப்படி மூச்சு வாங்கியிருக்கும்.

"ஆன் பண்ணிட்டு உலை வச்சா, சோறு வடிச்ச பெறகுதேன் ஸ்கிரீன் வருது ஆத்தா!"

கைப்பையோடு வந்தவர்

எங்கள் முதலாளி அண்ணன் லினக்ஸ் பக்தர். "விண்டோஸ், குடும்பத்தோட வர்ற விருந்தாளி. லினக்ஸ், ஒத்தக் கைப்பையோட வர்ற ஆளு" என்பார். அவர் சொன்னபடி விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் போட்டுக் கொடுத்தேன். பெட்டி குதிரையாக ஓடியது. அக்காவும் சிரித்துக்கொண்டே பஸ் ஏறினார்.

மறுநாள் காலையிலேயே போன். பத்திரிகை அடிக்கும் சாஃப்ட்வேர் விண்டோஸில் மட்டும்தான் ஓடுமாம். "பொண்ணு வீட்டுக்காரக நாளைக்கி ப்ரூஃப் பாக்க வர்றாக. இந்த முகூர்த்தம் கைவிட்டுப் போச்சுன்னா கடையச் சாத்த வேண்டியதுதேன்" என்றார். மதியமே பெட்டியோடு வந்து நின்றார்.

"வீட்டுக்கு நல்லா வெள்ளையடிச்சுக் குடுத்தீக, உள்ள அடுப்பக் காணோமே!"

ஆப்பிள் தம்பி

அப்போது கடையில் சார்ஜர் வாங்க வந்திருந்த பெங்களூர் ஐ.டி. தம்பி, தன் ஆப்பிள் மேக் லேப்டாப்பைத் திறந்து காட்டினார். கண்ணாடி மாதிரி திரை, சத்தமே இல்லை, எழுத்தெல்லாம் அச்சில் வார்த்தது போல. "டிசைன் வேலைக்கு இதுதான் அக்கா" என்றார். அக்கா ஆசையாகத் தொட்டுப் பார்த்துவிட்டு, ரிப்பேர் ஆனால் நான் சரிசெய்வேனா என்று என்னைக் கேட்டார். எங்கள் கடையில் முடியாது, மதுரைக்குக் கொண்டுபோக வேண்டும் என்றேன்.

"நோவு வந்தா மதுரைக்குத் தூக்கணும்னா, அத நம்ம ஊருல வச்சு என்ன தம்பி செய்ய?"

பென் டிரைவ் வாசல்

அக்கா புலம்பியபடி பையைக் கவிழ்த்துத் தேடியபோது, கலர் கலராகப் பென் டிரைவ்கள் விழுந்தன. மாப்பிள்ளை போட்டோ, பெண் போட்டோ, குலசாமி படம் என்று வருகிறவர்கள் எல்லாம் கொடுத்தவை. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. எந்த சாஃப்ட்வேரும் ஓடுவது விண்டோஸின் பலம். பென் டிரைவில் வரும் வைரஸும் ஓடுவது அதன் கஷ்டம்.

அண்ணனிடம் தயங்கித் தயங்கிச் சொல்லிவிட்டு லினக்ஸ், விண்டோஸ் இரண்டையும் அதே பெட்டியில் போட்டேன். பென் டிரைவ் முதலில் லினக்ஸில்; அந்த வைரஸ் அங்கே ஓடாது. படத்தை மட்டும் எடுத்து வைத்துவிட்டு, பிறகு விண்டோஸ். அதில் பத்திரிகை சாஃப்ட்வேர் மட்டும்; இன்டர்நெட்கூடக் கிடையாது. சுமை குறைந்ததும் விண்டோஸும் எழுந்து நடந்தது. ஆன் செய்ததும் 'எது வேண்டும்' என்று திரை கேட்பதைப் பார்த்து அக்காவின் முகம் மலர்ந்தது.

"மாமியாளுக்கு ஒரு அடுப்பு, மருமகளுக்கு ஒரு அடுப்பு. இனி சண்டையிருக்காதுல்ல?"

பின்னட்டை

அடுத்த வாரம் அச்சான பத்திரிகையோடு வந்தார். உள்ளே தாய்மாமன்மார் பெயர்கள் வரிசையாக. பின்னட்டையில் அவர் கடைப் பெயர். அதன் கீழே, பொடி எழுத்தில், என் பெயர். கூச்சத்தில், இது எதற்கு அக்கா என்றேன்.

"இத்தன மாமன்மாருக்கு எடம் பிடிச்சேன், உனக்கு இல்லாமப் போயிருமா ஆத்தா?"

எந்த சிஸ்டம் நல்லது என்று யார் கேட்டாலும், இப்போதெல்லாம் உங்கள் வீட்டில் என்ன சமையல் என்றுதான் முதலில் கேட்கிறேன்.