நரிக்காகத் தூங்கிய ஃபைல்

ஃபைலை நகர்த்தத்தான் நமக்குச் சம்பளம் என்றாலும், நகர்த்தாமல் வைத்திருப்பதில்தான் நம் திறமையெல்லாம் இருக்கிறது. அரசாங்க நாற்காலியில் முதுகு தேய்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எழுபதுகளின் கடைசியில் டில்லியில் காடு, மிருகம் பற்றிய புகார்கள் வந்து விழும் ஒரு செக்‌ஷனில் நான் குமாஸ்தா.

விருந்தோம்பல்

ஊர் நடுவே ரிட்ஜ் என்கிற குன்றுக்காட்டின் ஓரம் ஆடு மேய்க்கும் ராம்பால் புகார் கொடுத்திருந்தார். நரி மூன்று ஆட்டுக்குட்டிகளைத் தூக்கிவிட்டதாம், விஷம் வைக்க வேண்டுமாம். ஒப்புக்குப் பார்த்துவிட்டு வர என்னை அனுப்பினார்கள். சரோஜினி நகரிலிருந்து சைக்கிளை மிதித்தேன்.

ராம்பால் மரத்தடியில் சீட்டாடிக்கொண்டிருந்தார். ஆட்டுக்குட்டிகள் தனியாகப் புதரோரம் கத்திக்கொண்டிருந்தன. தரையில் ஒரு புல் இல்லை, அப்புறம் முயல் எங்கே இருக்கும், நரி எதைத் தின்னும்? பள்ளத்தில் செத்த ஆட்டுக்குட்டி ஒன்று கிடந்தது. அதற்கு எதிரிலேயே நரி வளை. நான்கு நரிக்குட்டிகள் எட்டிப் பார்த்தன. இவற்றுக்கா விஷம்? செத்ததை ஏன் இங்கே போட்டீர்கள் என்று கேட்டேன்.

"தூக்கிட்டுப் போய்ப் புதைக்க யாரால முடியும் பாபுஜி? நரி தின்னுட்டுப் போகட்டும்னுதான்!"

கேள்விக் கணை

விஷம் வைக்கும் உத்தரவில் சனிக்கிழமை கையெழுத்துப் போட்டுவிடுவேன் என்றார் அதிகாரி. நான் ராத்தூக்கம் கெட்டு ஒரு குறிப்பு எழுதினேன். மொத்தம் எத்தனை நரி? மூன்று குட்டிகளையும் தின்றது ஒரே நரிதானா? விஷத்தை ஆடு தின்றால் யார் பொறுப்பு? மூன்று அலுவலகங்களிடம் கருத்துக் கேட்கலாம் என்றும் சேர்த்தேன். பொறுப்பு என்ற சொல்லைப் பார்த்ததும் அதிகாரி உடனே சம்மதித்துவிட்டார். பக்கத்து நாற்காலி திருநெல்வேலி அண்ணாச்சி ஃபைலைப் புரட்டிவிட்டுச் சிரித்தார்.

"ஏலே, இதுக்குப் பதில் வாரதுக்குள்ள நரிக்குப் பேரன் பொறந்துருவான்லே!"

முள்வேலி

கிடைத்த அவகாசத்தில் ஞாயிறுதோறும் ராம்பாலிடம் போனேன். கருவேல முள்ளை வெட்டிக் குட்டிகளுக்குப் பட்டி போடுங்கள், செத்ததைப் புதையுங்கள், ஒரு பக்கச் சரிவையாவது மேய்க்காமல் விடுங்கள், புல் வந்தால் முயல் வரும் என்றேன். முணுமுணுத்தார். விஷம் வைத்தால் உங்கள் ஆடும் சாகும் என்று பயமுறுத்திய பிறகுதான் அரிவாளை எடுத்தார். இரண்டு மாதத்தில் ஒரு குட்டிகூடக் குறையவில்லை. புகாரை வாபஸ் வாங்க ஆபீசுக்கே வந்தவரின் முகத்தில் மட்டும் சுரத்தில்லை. என்னவென்று கேட்டேன்.

"அச்சா, நரி எடுக்கலேன்னா, அப்ப பொண்டாட்டிக்குத் தெரியாம தங்கச்சி புருஷனுக்குக் கொடுத்த குட்டிக்கு இனி அவகிட்ட யார் பேரைச் சொல்றது, பாபுஜி?"

ஃபைலைத் தூங்கவைத்ததற்காக சர்வீஸ் முழுக்கத் திட்டு வாங்கியவன் நான், அந்த ஒரு தூக்கத்துக்கு மட்டும் நான்கு நரிகளாவது என்னை வாழ்த்தியிருக்கும்.