நாற்காலியில் வைத்த படம்

எங்கள் பக்கத்தில் ஊரடங்கை எடுத்து, நாங்கள் குடியிருந்த லயத்தைச் சுற்றியிருந்த முள்வேலியையும் பிரித்த வருஷம், தோட்டத்தைக் காவல் காத்த ஸ்பெஷல் கான்ஸ்டபிள்களுக்கு மரியாதை செய்வது என்று கோயில் கமிட்டி முடிவெடுத்தது. எல்லாரும் எங்கள் லயத்து ஆட்கள். ரப்பர் மரம் சீவிய கையில் வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலம் துப்பாக்கியைக் கொடுத்தது. என் வீட்டுக்காரரும் அவர்களில் ஒருவர்.

அவர் போன ரோந்து லாரியை பெடாஸ் ரோட்டில் காட்டுக்குள்ளிருந்து கம்யூனிஸ்டுகள் சுட்டார்கள். செத்தவர்களின் உடல்கள் வந்தன. அவர் வரவில்லை, அவர் உடலும் வரவில்லை. காட்டுக்குள் ஓடினதைப் பார்த்தேன் என்றார் ஒருவர். பிடித்துக்கொண்டு போனார்கள் என்றார் இன்னொருவர். எனக்கும் மாமியாருக்கும் ஒரே பேச்சுதான்: வருவார். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்க நான் பெரட்டுக்குக் கிளம்பும்போது மாமியார் என் நெற்றியைப் பார்ப்பார்.

"நல்லா பெருசா வையி. அவன் வந்தா கண்ணுக்குத் தெரியணும்."

மற்ற எதிலும் எங்களுக்குள் ஒத்துப்போனதில்லை. அவர் வைக்கும் ரசத்தை மனுஷர் வாயில் வைக்க முடியாது. குங்குமத்தில் மட்டும் நாங்கள் ஒரே கட்சி.

கமிட்டி சார்பில் விழாவுக்குப் படம் கேட்டு, எங்களை வேலை வாங்கும் மண்டோர் வந்தார். எங்களில் படத்துக்கு மாலை விழுந்தால் ஆள் போய்விட்டார் என்று அர்த்தம். அதனால் வாசலிலேயே சொல்லிவிட்டேன்.

"படம் தர்றேன். ஆனா மாலை போடக் கூடாது, வெளக்கு ஏத்தக் கூடாது, மண்டோரே."

"சாமி சத்தியமா போட மாட்டோம்மா. பயப்படாத லா."

சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். மேடையில் ஒரு பக்கம் மேசைமீது இறந்தவர்களின் படங்கள், மாலையும் விளக்குமாக. இன்னொரு பக்கம் உயிரோடு இருப்பவர்கள் நாற்காலிகளில். அந்த வரிசையில்தான் என் வீட்டுக்காரருக்கும் ஒரு நாற்காலி போட்டு, அதில் படத்தை வைத்திருந்தார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. இவ்வளவு புரிந்து நடந்துகொள்வார்கள் என்று நான் நினைக்கவில்லை.

மைக் கிடைத்தால் ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி விடமாட்டார், அன்றும் விடவில்லை. ஒருவழியாக அவர் முடித்ததும், பெற்றவர்கள் கையால் பிள்ளைகளுக்கு மாலை போடச் சொன்னார்கள். லயத்துப் பெண்கள் கட்டிய செவ்வந்தி மாலைகள், குறையக் கூடாதென்று ஒன்றிரண்டு கூடவே கட்டியிருந்தார்கள். மேளம் கொட்டியது. ஒவ்வொரு தாயும் மாலை போட, பிள்ளைகள் குனிந்து காலைத் தொட்டார்கள். மாமியார் மட்டும் வெறுங்கையோடு எங்கள் நாற்காலி பக்கத்தில் நின்றார். அவரைப் பக்கத்தில் நின்றால் போதும் என்று சொல்லித்தான் மேடை ஏற்றியிருந்தார்கள்.

பார்த்துக்கொண்டே நின்றவர், திடீரென்று தட்டிலிருந்து ஒரு மாலையை எடுத்தார்.

"எம்புள்ள மட்டும் என்ன பாவம் செஞ்சான்? அவனுக்கு மால இல்லையா?"

படத்துக்குப் போட்டார். மாப்பிள்ளைக்குச் சரிசெய்வதுபோல இரண்டு பக்கமும் இழுத்துச் சமமாக்கினார். பெருமை தாங்கவில்லை அவர் முகத்தில். மேளம் நின்றது. அப்போதுதான் எதிர்ப்பக்கம் மேசையில் இருந்த படங்களைப் பார்த்தார். திரும்பித் தன் பிள்ளை படத்தைப் பார்த்தார்.

"ஐயோ... நானே போட்டுட்டேனே!"

கீழே ஒருத்தி ஓவென்று அழுதாள். பின்னாலேயே எல்லாப் பெண்களும். இத்தனை வருஷம் எனக்காக அடக்கி வைத்திருந்த அழுகை அது. அவர்கள் எல்லாருக்கும் என் வீட்டுக்காரர் எப்போதோ செத்துப்போயிருந்தார், எங்கள் இருவரைத் தவிர. அந்த நிமிஷம் அத்தனை பேரையும் வெறுத்தேன்.

மேடை ஏறினேன். மாலையைப் படத்திலிருந்து கழற்றி என் கழுத்தில் போட்டுக்கொண்டேன். கல்யாணத்தன்று அவர் போட்ட மாலைக்குப் பிறகு என் கழுத்தில் ஏறிய மாலை அதுதான். தடுக்க ஒருவருக்கும் தைரியம் வரவில்லை. மாமியாரைக் கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டி வந்தேன்.

மறுநாள் பெரட்டுக்குக் கிளம்பும்போது குங்குமத்தை வழக்கத்தைவிடப் பெரிதாக வைத்தேன். மாமியார் சுவரைப் பார்த்துக் காப்பி குடித்தார்.

கொஞ்ச நாள் கழித்துப் பக்கத்து வீட்டில் வளைகாப்பு. என்னோடு ஒரே நிரையில் மரம் சீவுகிறவள்தான் குங்குமத் தட்டை எடுத்து வந்தாள். வரிசையாகக் கொடுத்துக்கொண்டே வந்தவள், என்னிடம் வந்ததும் தட்டைப் புடவைப் பக்கம் அணைத்துக்கொண்டு அடுத்தவளிடம் போய்விட்டாள். நீட்டிய கையை நான் மடியில் வைத்துக்கொண்டேன்.

மாமியார் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். வம்புக்கு அஞ்சாதவர், என் குங்குமத்துக்காகச் சண்டை போட்டு லயத்தையே இரண்டாக்கியவர். அன்று அவர் தலையை நிமிர்த்தவே இல்லை.