துறைமுகத்தார் சொன்ன சாட்சி

கடலை நான் கண்ணால் பார்த்தது என் பேரன் பிறந்த பிறகுதான். ஆனால் ஏழு வயதிலேயே எனக்குக் கடற்கரை அத்துப்படி. எந்தச் சந்தில் சாராயக்கடை, எந்தக் கிடங்குக்குப் பின்னால் பிணம் கிடக்கும், கலங்கரை விளக்கத்துக்குப் பக்கத்து மாடியில் சுருட்டுப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் யார், எல்லாம் சொல்வேன். கொல்லிமலையை விட்டு இறங்காதவளுக்கு இத்தனை ஞானம் வந்தது சித்தப்பாவால்.

யுத்த காலம் அது. மிளகு மூட்டையோடு பேளுக்குறிச்சிச் சந்தைக்கு இறங்கும் சித்தப்பா, மாதம் ஒரு துப்பறியும் புத்தகத்தோடு மேலேறுவார். ஊரில் படிக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். மத்தியானம் வாசலில் சாமை காயும்போது உட்கார்ந்து வாசிப்பார், ஊரே கூடிவிடும். கதையில் வரும் துப்பறிவாளரை நாங்கள் மரியாதையாகத் துறைமுகத்தார் என்போம். அடி வாங்குவார், திருப்பி அடிப்பார், போலீசையும் நம்பமாட்டார், பணக்காரனையும் நம்பமாட்டார். காணாமல் போன ஆளை மட்டும் எப்படியும் கண்டுபிடித்துவிடுவார். எனக்கு அவர் சாமிக்கு அடுத்தபடி. சில நாள் சாமிக்கும் ஒருபடி மேலே.

எங்கள் வீட்டிலும் ஓர் ஆள் காணாமல் போயிருந்தார். அத்தையின் புருஷன். கப்பலில் மூட்டை இறக்கப் போகிறேன் என்று மலையிறங்கியவர். நான்கு வருஷமாகத் தகவல் இல்லை. அடுத்த ஊரில் ஒருவர் அத்தையைக் கட்டிக்கொள்ளத் தயாராக இருந்தார், அவளுக்கும் இஷ்டம். மறுபடி கட்டிக்கொள்வது எங்களிடம் குற்றமில்லை. ஆனால் போனவன் இனி வரமாட்டான் என்று கண்ணால் கண்டவர் ஒருவர் சொல்லியாக வேண்டும். அப்போதுதான் ஊர்க்கவுண்டர் பழைய கல்யாணக் கட்டை அறுத்துவிடுவார். சாட்சிக்கு எங்கே போவது? காத்திருந்து அலுத்தவர், தை பிறந்தால் வேறு பெண் பார்ப்பதாகச் சொல்லியனுப்பிவிட்டார். அத்தை இரண்டு நாள் சோறே தின்னவில்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. “துறைமுகத்தாரக் கேட்டா என்னங்க சித்தப்பா? மாமா போனது அவரு ஊருதானுங்களே” என்றேன்.

சிரிக்கப் போனவர் சிரிக்கவில்லை. “கேட்டுப்போடலாம் கண்ணு” என்றார். துறைமுகத்தாருக்கென்று நான் ஒரு பிடி மிளகு கொடுத்தேன். அதையும் வேட்டி முனையில் முடிந்துகொண்டுதான் இறங்கினார்.

அடுத்த புத்தகம் வந்த அன்று ஊர்க்கவுண்டரும் வந்து உட்கார்ந்தார். சித்தப்பா வாசித்தார். கிடங்குச் சந்தில் யாரோ துடுப்பால் அடிக்க, துறைமுகத்தார் ரத்தத்தைத் துப்பிவிட்டு எழுந்தார், சுருட்டைப் பற்றவைத்தார், பிறகு சொன்னார்: “கொல்லிமலையிலிருந்து வந்து மூட்டை சுமந்தவன், இடது புருவத்தில் தழும்பு. அவன் போன படகு கவிழ்ந்ததை இந்தக் கண்ணால் பார்த்தேன். இனி அவன் வரமாட்டான்.”

மாமாவின் புருவத் தழும்பு துறைமுகம் வரைக்கும் தெரிந்திருக்கிறதே என்று எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. அத்தை முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குனிந்தாள், தோள் குலுங்கியது. அழுகிறாள் என்றுதான் நினைத்தேன்.

ஊர்க்கவுண்டர் லேசுப்பட்டவரல்ல. ஆடு காணோம் என்றாலே ஆயிரம் கேள்வி கேட்பார். அன்று ஒன்றுகூடக் கேட்கவில்லை. “கண்ணால பாத்தவரே சொல்லிப்போட்டாருங்க. அறுத்து உட்டுரலாம்” என்று எழுந்துவிட்டார். பெரியவர்கள் தலையாட்டினார்கள். எங்கள் கவுண்டரையே வாயடைக்க வைத்துவிட்டாரே துறைமுகத்தார் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. தையில் அத்தை புதுச்சேலை கட்டிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போனாள்.

அன்று சித்தப்பா ஒரு தடவைகூடப் பக்கத்தைத் திருப்பவில்லை. நான் மடியோரத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அடிதடி, படகு, தழும்பு, சாவு அத்தனையும் ஒரே பக்கத்தில் அடங்கிவிட்டதே, எப்பேர்ப்பட்ட மனிதர் என்று வாய் பிளந்திருந்தேன். அந்த வாசலில் கூடியிருந்தவர்களில் அதை நம்பியது நான் ஒருத்திதான் என்பது வெகுகாலம் எனக்கு உறைக்கவேயில்லை.